விரிதாளிலிருந்து தாளுக்கு: அச்சிடும் மேக்ரோக்கள்

எக்செல் விரிதாளின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் உண்டு. ஏ4 தாளோ 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். எக்செல் தானாக வைக்கும் ஓர இடைவெளியையும் 15 பாயின்ட் வரிசை உயரத்தையும் மாற்றாமல் விட்டால், இந்தத் தாளில் ஏறத்தாழ 48 வரிசைகள் கொள்ளும். அகலவாட்டில் ஒன்பது, பத்து நெடுவரிசைகள். பாயின்ட் என்பது அச்சுத் தொழிலின் பழைய அளவு. 72 பாயின்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். திரையில் கீழேயும் பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும் கட்டங்களை எங்கெங்கே வெட்டித் தாளில் வைப்பது என்பதுதான் விரிதாளை அச்சிடுவதில் உள்ள சிக்கல். பொத்தானை அழுத்துவது அதில் மிகச் சிறிய பங்கு. அந்த வேலையை மேக்ரோவிடம் ஒப்படைக்கும்போதும் இதே கதைதான்: ‘அச்சிடு’ என்ற கட்டளை ஒரே சொல். அதற்கு முன்னால் வரும் இருபது, முப்பது வரிகள் எதை, எங்கிருந்து எதுவரை, எத்தனை பக்கத்தில் என்று சொல்வதற்காகவே எழுதப்படுகின்றன.

மேக்ரோ என்பது விரிதாள் கோப்புக்குள்ளேயே குடியிருக்கும் சிறு நிரல். கையால் வரிசையாகச் செய்யும் வேலைகளை ஒரு பொத்தானிலோ ஒரு விசைச் சேர்க்கையிலோ அது செய்து முடிக்கும். அச்சு வேலைக்கு அது பொருந்துவதற்குக் காரணம், அலுவலக அச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பது. மாதம் தவறாமல் ஊதியச் சீட்டு, நாள்தோறும் இருப்புப் பட்டியல், பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் அட்டை. படிவம் மாறுவதில்லை, அதற்குள் விழும் எண்கள்தான் மாறுகின்றன.

ஏழு விசைகள்

மேக்ரோவுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1983 ஜனவரியில் விற்பனைக்கு வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் மேக்ரோ என்பது விசைகளின் பட்டியல்தான். எந்தெந்த விசையை எந்த வரிசையில் தட்ட வேண்டுமோ, அதை ஒரு செல்லில் எழுத்துகளாக எழுதி வைக்க வேண்டும். அந்தச் செல்லுக்கு ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்ட வேண்டும். பிறகு ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டினால், எழுதி வைத்த விசைகளை லோட்டஸ் தானே தட்டிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஒரு மேக்ரோ ஏழே விசைகளால் ஆனது: சாய்கோடு, பி, பி, ஏ, ஜி, பி, கியூ. சாய்கோடு மெனுவைத் திறக்கும். முதல் பி, அச்சு. இரண்டாவது பி, கோப்புக்கு அல்ல, பிரிண்டருக்கு. ஏ என்றால் ‘அலைன்’. ஜி, ‘கோ’, அதாவது அச்சிடு. அடுத்த பி, மீதித் தாளைத் தள்ளிவிடு. கியூ, வெளியே வா.

இந்த ஏழில் ‘அலைன்’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் இரு ஓரமும் துளையிட்ட தொடர் தாள் ஓடும். 11 அங்குலப் பக்கம், அங்குலத்துக்கு 6 வரி; ஆக, பக்கத்துக்கு 66 வரி. தாள் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது லோட்டஸுக்குத் தெரியாது. தான் அனுப்பிய வரிகளை எண்ணிக்கொண்டு, 66 ஆனதும் ஒரு பக்கம் முடிந்ததாகக் கொள்ளும். இடையில் யாராவது குமிழைத் திருகித் தாளை நான்கு வரி நகர்த்திவிட்டால் கணக்கு பிசகும். பக்கத்தின் அடியில் விழ வேண்டிய வெற்றிடம் துளைக்கோட்டைத் தாண்டி வேறெங்கோ விழும். ‘அச்சு முனை இப்போது பக்கத்தின் தலையில் நிற்கிறது, இங்கிருந்து எண்ணு’ என்று சொல்வதே அலைன். அகலத்துக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. 8 அங்குலத்தில் 80 எழுத்துதான் பிடிக்கும். எப்சன் பிரிண்டருக்கு 015 என்ற குறியை முன்கூட்டி அனுப்பினால் அது எழுத்தை நெருக்கி, அதே அகலத்தில் 130-க்கும் மேற்பட்ட எழுத்துகளை அடிக்கும். பேரேட்டின் பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் அடங்கியது இந்த 015-ஆல்தான்.

தொடர் தாள் போய் வெட்டிய தாள் வந்தது. எக்செல் 1985-இல் மெக்கின்டாஷுக்காக வெளிவந்தது. 1993-இல் வந்த எக்செல் 5 பதிப்பில் விஷுவல் பேசிக் மொழி உள்ளே புகுந்தது. விசைகளைப் பட்டியலிட்ட மேக்ரோ, பொருள்களுக்குக் கட்டளையிடும் நிரலாக மாறியது. இன்று எக்செலில் எழுதப்படும் அச்சு மேக்ரோக்கள் அந்த 1993 மொழியின் வழிவந்தவை. பக்கம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கேள்வி மட்டும் லோட்டஸ் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதிவுக் கருவி தரும் மேக்ரோ

மேக்ரோ எழுதத் தெரியாதவருக்கும் எக்செலில் ஒரு வழி உண்டு. ‘ரெக்கார்ட் மேக்ரோ’ என்ற பதிவுக் கருவியை ஓடவிட்டு, கையால் ஒருமுறை அச்சிட்டுக் காட்டினால், எக்செல் அதை நிரலாக எழுதிக்கொள்ளும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் அது எழுதித் தரும் மேக்ரோவை அப்படியே வைத்துக்கொள்வது நல்லதல்ல.

காரணம் எளிது. தாளை நெட்டுவாக்கிலிருந்து கிடைவாக்குக்கு மாற்றியது மட்டுமே கையால் செய்த வேலையாக இருக்கலாம். பதிவுக் கருவியோ ‘பேஜ்செட்டப்’ என்ற பொருளின் எல்லாப் பண்புகளையும் வரிசையாக எழுதித் தள்ளும்: இடது ஓரம், வலது ஓரம், மேல் ஓரம், தலைப்புரை, அடியுரை, கட்டக்கோடு வேண்டுமா, கறுப்பு வெள்ளையா, முதல் பக்க எண் என்ன என்று முப்பதுக்குக் குறையாமல். இந்தப் பண்புகளில் ஒவ்வொன்றையும் தொடும்போதும் எக்செல் பிரிண்டர் டிரைவரைக் கூப்பிட்டுப் பேசும். பிரிண்டர் வேறு அறையில், நெட்வொர்க்கின் மறுமுனையில் இருந்தால் அந்தப் பேச்சு முடிய நேரம் பிடிக்கும். ஒரு ஷீட்டுக்கே சில நொடி என்றால் நாற்பது ஷீட்டுக்கு மேக்ரோ உறைந்துபோனதுபோல நிற்கும். ஆட்கள் பொறுமை இழந்து எஸ்கேப் விசையைத் தட்டுவார்கள்.

இதற்கு இரண்டு மருந்து. பதிவான வரிகளில் உண்மையில் மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவது முதலாவது. இரண்டாவது, எக்செல் 2010-இலிருந்து கிடைக்கும் ‘பிரின்ட்கம்யூனிகேஷன்’ என்ற பண்பு. அமைப்புகளை மாற்றத் தொடங்கும் முன் அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் எக்செல் டிரைவரோடு பேசாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ‘ட்ரூ’ ஆக்கியதும் மொத்தமாக ஒருமுறை சொல்லிவிடும்.

பக்கத்தை வரையறுத்தல்

நான்கு அமைப்புகளைச் சரியாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான பட்டியல்கள் ஒழுங்காக அச்சாகும். முதலாவது, அச்சுப் பரப்பு. ‘பிரின்ட்ஏரியா’ என்ற பண்பில் எந்தச் செல்லிலிருந்து எந்தச் செல் வரை என்று கொடுப்பது. பட்டியல் நாளுக்கு நாள் வளர்வதால் கடைசி வரிசை எண்ணை நிரலில் எழுதி வைக்கக் கூடாது. மேக்ரோ அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஷீட்டின் ஆகக் கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்து கன்ட்ரோலும் மேல் அம்பும் சேர்த்து அழுத்தினால் எங்கே போய் முட்டுமோ அதுவே பட்டியலின் கடைசி வரிசை. ‘எண்ட்’ என்ற கட்டளை இதையேதான் செய்கிறது. எந்த நெடுவரிசையில் தேடுவது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். குறிப்புரை நெடுவரிசையில் தேடினால், கடைசி ஆளுக்குக் குறிப்புரை இல்லாத நாளில் அவர் தாளிலேயே வரமாட்டார். வரிசை எண்ணோ பெயரோ உள்ள நெடுவரிசையே தகும்.

அச்சுப் பரப்பைச் சொல்லாமல் விட்டால் எக்செல் தானாக முடிவு செய்யும். அப்போதுதான் அந்த மர்மமான வெற்றுத் தாள்கள் வெளிவரும். 900-ஆம் வரிசையில் யாரோ என்றோ போட்ட ஒரு கட்டக்கோடு, அல்லது வெற்றெழுத்தைத் திருப்பித் தரும் ஒரு சூத்திரம் போதும். திரையில் எதுவும் தெரியாது, தாள் மட்டும் பதினெட்டு செலவாகும்.

இரண்டாவது, தலைப்பு வரிசை. பக்கந்தோறும் மேலே திரும்ப வர வேண்டிய வரிசைகளைப் ‘பிரின்ட்டைட்டில்ரோஸ்’ பண்பில் கொடுப்பது. மூன்றாவது, தாளின் வாக்கு: நெட்டா, கிடையா. நான்காவது, அகலத்துக்குள் அடக்குதல். ‘ஃபிட்டூபேஜஸ்வைட்’ என்பதற்கு 1 கொடுத்தால் எல்லா நெடுவரிசையும் ஒரே பக்க அகலத்துக்குள் சுருங்கி வரும். இதில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஜூம்’ என்ற பண்பை முதலில் ‘ஃபால்ஸ்’ ஆக்கினால்தான் இது வேலை செய்யும். ஜூமில் ஒரு சதவீதம் உட்கார்ந்திருக்கும்வரை எக்செல் இதைக் கண்டுகொள்ளாது. நீளத்துக்கான ‘ஃபிட்டூபேஜஸ்டால்’ என்பதையும் ‘ஃபால்ஸ்’ ஆக விட வேண்டும். அதற்கும் 1 கொடுத்துவிட்டால் 300 வரிசைப் பட்டியலை எக்செல் ஒரே பக்கத்தில் திணிக்கப் பார்க்கும். சுருக்கத்தின் அடிமட்டம் 10 சதவீதம். அந்த அளவில் அச்சாகும் பெயர்களைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

நாற்பத்திரண்டு அட்டைகள்

பட்டியலை அச்சிடுவது ஒரு வகை. ஒரே படிவத்தில் ஆளுக்கொரு தாளாக அச்சிடுவது இன்னொரு வகை. மேக்ரோவின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும். பள்ளி மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். கோப்பில் முக்கியமாக இரண்டு ஷீட்டுகள். ‘மதிப்பெண்’ ஷீட்டில் 42 மாணவர்கள், ஆளுக்கு ஒரு வரிசை. ‘அட்டை’ ஷீட்டில் பள்ளியின் பெயர், கட்டங்கள், பெற்றோர் கையொப்பத்துக்கான இடம் எல்லாம் அழகாக அமைந்த ஒரே ஒரு படிவம். அட்டையின் சி3 செல்லில் வரிசை எண்ணைத் தட்டினால், ‘விலுக்கப்’ சூத்திரங்கள் அந்த மாணவரின் பெயரையும் மதிப்பெண்களையும் எடுத்து வந்து நிரப்பும்.

கையால் செய்தால் ஓர் அட்டைக்கு எண்ணைத் தட்டி, என்டர் அழுத்தி, கன்ட்ரோல்-பி, மீண்டும் என்டர். அட்டைக்குக் கால் நிமிடம் என்றால் 42-க்குப் பத்தரை நிமிடம். இது பெரிய நேரமே அல்ல. மேக்ரோ வேண்டியிருப்பது நேரத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. 23-ஆம் எண் அச்சாகும்போது தலைமையாசிரியர் கூப்பிடுவார். போய்விட்டு வந்தால் 23 முடிந்ததா, 24 முடிந்ததா என்ற ஐயம். ஒரு மாணவருக்கு இரண்டு அட்டை, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை என்பது இப்படித்தான் நேர்கிறது.

மேக்ரோவின் உள்ளடக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

தொடக்க எண் முதல் இறுதி எண் வரை, ஒவ்வொன்றாக:
அட்டை ஷீட்டின் சி3 செல்லில் அந்த எண்ணை எழுது;
கணக்கிடு;
பெயர் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போ;
அட்டையில் பிழை மதிப்பு இருந்தால் நிறுத்திச் சொல்;
பக்க எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் நிறுத்திச் சொல்;
அச்சிடு;
‘பதிவு’ என்ற தனி ஷீட்டில் எண்ணையும் நேரத்தையும் எழுது;
அடுத்தது.

இதில் ‘அச்சிடு’ என்பது ‘பிரின்ட்அவுட்’ என்ற ஒரு சொல். மற்ற வரிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் வீணான தாள்கட்டு ஒன்று இருக்கிறது.

‘கணக்கிடு’ என்ற வரி தேவையற்றதாகத் தோன்றும். சூத்திரங்கள்தான் தாமாகவே மாறுமே? மாறும், எக்செல் தானியங்கிக் கணக்கீட்டில் இருக்கும்வரை. பெரிய கோப்புகளைக் கையாள்பவர்கள் வேகத்துக்காக அதைக் கைமுறைக்கு மாற்றி வைப்பதுண்டு. அந்த நிலையில் மேக்ரோவை ஓட்டினால் சி3-இல் எண் மட்டும் 1, 2, 3 என்று ஓடும். பெயரும் மதிப்பெண்ணும் முதல் மாணவருடையதாகவே நிற்கும். 42 அட்டையிலும் ஒரே பிள்ளை. ‘கால்குலேட்’ என்ற ஒரு சொல் இதைத் தடுக்கிறது.

பிழை மதிப்பைப் பொறுத்தவரை எக்செலில் ஒரு குறுக்குவழி உள்ளது: ‘பிரின்ட்எரர்ஸ்’ பண்பை மாற்றினால் பிழை உள்ள செல்கள் தாளில் வெறுமையாகவோ கோடாகவோ வரும். மதிப்பெண் அட்டைக்கு இது சரியான தீர்வல்ல. பிழையை மறைத்த அட்டை, பிழையோடு வந்த அட்டையைவிட மோசம். பின்னதையாவது யாரேனும் கவனித்துத் திருப்பித் தருவார்கள். இதைவிட நுட்பமான பள்ளம் வேறொன்று. காலியாக உள்ள செல்லைத் தேடி எடுத்தால் ‘விலுக்கப்’ வெறுமையைத் தராது, 0 என்று தரும். தேர்வுக்கே வராத மாணவரின் மதிப்பெண் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தால் அவருடைய அட்டையில் பூஜ்யம் அச்சாகும். வராதவருக்கும் பூஜ்யம் வாங்கியவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சூத்திரத்திலேயே பிரித்து எழுத வேண்டும். அட்டையை மட்டும் பார்க்கும் மேக்ரோவால் இதைக் கண்டுபிடிக்க இயலாது.

பக்க எண்ணிக்கையைப் ‘பேஜ்செட்டப்’ பொருளின் ‘பேஜஸ்’ தொகுப்பு சொல்லும். நீளமான பெயரோ நீளமான குறிப்புரையோ வந்து ஒரு வரிசை உயர்ந்தால், கையொப்ப வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு வழுகும். திரையில் ஒரு பக்கமாகத் தெரிந்தது தாளில் இரண்டாகலாம். எழுத்தின் அகலத்தைத் திரைக்கு ஒருவிதமாகவும் பிரிண்டருக்கு ஒருவிதமாகவும் எக்செல் அளக்கிறது. அதனால் திரையில் இரண்டு வரியில் மடிந்த வாசகம் தாளில் மூன்று வரி கேட்கும், மூன்றாவது வரி செல்லுக்குள் மறைந்தும் போகும். சொந்த ஊரின் பெயரையும் சேர்த்து எழுதும் பெயர்களுக்கு ஒரு வரிசை உயரம் கூடுதலாக விட்டு வைப்பது நடைமுறையில் நல்ல பலன் தருகிறது.

தொடக்க எண், இறுதி எண் இரண்டையும் நிரலில் எழுதாமல் செல்லில் வைப்பதற்கும் காரணம் உண்டு. 27-ஆம் அட்டையில் தாள் சிக்கிக்கொண்டால், தொடக்க எண்ணை 27 என்று மாற்றி மறுபடி ஓட்டலாம். முதன்முறை சோதிக்கும்போது 1 முதல் 2 வரை ஓட்டி இரண்டே தாளில் கோளாறுகளைப் பார்த்துவிடலாம். அதற்கும் முன்னால், ‘பிரின்ட்அவுட்’ கட்டளையின் ‘பிரிவியூ’ என்ற தெரிவை ‘ட்ரூ’ ஆக்கினால் தாளே செலவாகாது. ஒவ்வொரு அட்டையும் திரையில் வந்து நிற்கும்.

வரிசையில் நிற்கும் வேலைகள்

‘பிரின்ட்அவுட்’ ஓடி முடிந்தது என்றால் தாள் வெளியே வந்துவிட்டது என்று பொருளல்ல. விண்டோஸில் ஸ்பூலர் என்ற இடைத்தரகர் இருக்கிறார். எக்செல் தரும் பக்கங்களை அவர் வன்தட்டில் கோப்பாக எழுதி வரிசையில் நிறுத்தி, பிரிண்டர் கேட்கக் கேட்க அனுப்புவார். எக்செலைப் பொறுத்தவரை ஸ்பூலரிடம் ஒப்படைத்ததுமே வேலை முடிந்தது. மேலே சொன்ன பதிவு ஷீட்டில் விழும் நேரமும் ஒப்படைத்த நேரம்தான், அச்சான நேரம் அல்ல. 42-ஆம் எண்ணுக்கு எதிரே நேரம் பதிவாகும்போது பிரிண்டர் ஐந்தாவது தாளில் இருக்கலாம். தாள் தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்துகொண்டும் இருக்கலாம்.

சுற்றுக்குச் சுற்று ‘பிரின்ட்அவுட்’ கொடுத்தால் ஸ்பூலருக்கு அது 42 தனித்தனி வேலை. பலர் பங்கிடும் பிரிண்டரில் இரண்டு வேலைகளுக்கு நடுவே அடுத்த மேசைக்காரரின் கடிதம் புகுந்துவிடும். தனித்தனி ஷீட்டுகளாக இருந்தால் அவற்றின் பெயர்களை ஒரே அணியாகக் கட்டி ஒரே கட்டளையில் அனுப்பலாம். அப்போது பொதுவாக அது ஒரே வேலையாகப் போகும். ஷீட்டுக்கு ஷீட் அச்சுத் தரம், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண், வேறுபட்டால் எக்செல் அதை மறுபடி உடைத்துவிடும். ஒரே படிவம் மாறி மாறி நிரம்பும் நம் அட்டைக்கு இந்த வழி பொருந்தாது. அட்டைகளைப் பிடிஎஃப் கோப்புகளாக்கி, ஒன்று சேர்த்து, ஒருமுறை அச்சிடுவது வசதி. அதற்கான கட்டளை ‘எக்ஸ்போர்ட்ஆஸ்ஃபிக்ஸ்ட்ஃபார்மட்’. பெயர்தான் நீளம், பயன்பாடு எளிது. தாளைத் தொடுமுன் கோப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

படிகளின் எண்ணிக்கையிலும் ஒரு சிறு தேர்வு இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு படி வேண்டுமானால், ‘காப்பீஸ்’ என்பதற்கு 2 கொடுத்தால் ஒவ்வொரு அட்டையும் அடுத்தடுத்து இரண்டிரண்டாக வரும். பிறகு கையால் பிரிக்க வேண்டும். சுற்று முழுவதையும் இருமுறை ஓட்டினால் இரண்டு தனிக் கட்டுகளாகவே வந்து விழும்.

எந்தப் பிரிண்டரில் அடிப்பது என்பதை ‘ஆக்டிவ்பிரிண்டர்’ பண்பு சொல்கிறது. அதில் பிரிண்டரின் பெயர் மட்டும் போதாது. பெயரின் பின்னால் ‘என்இ01’ போன்ற ஒரு போர்ட் எண்ணும் ஒட்டியிருக்கும். அந்த எண் கணினிக்குக் கணினி வேறு. ஒரு மேசையில் எழுதிய மேக்ரோ அடுத்த மேசையில் பிழை காட்டி நிற்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். இருபுற அச்சுக்கு இன்னும் தொல்லை. பக்க அமைப்பில் இத்தனை பண்புகளை வைத்த எக்செல், தாளின் இரு பக்கமும் அச்சிடு என்று சொல்ல ஒரு பண்பு வைக்கவில்லை. தாள் தட்டைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அலுவலகங்களில் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி சுவையானது: ஒரே பிரிண்டரை விண்டோஸில் இரண்டு பெயரில் நிறுவுவது. ஒன்றில் ஒருபுற அச்சு இயல்பாக இருக்கும், மற்றொன்றில் இருபுற அச்சு. மேக்ரோ பெயரை மாற்றிக் கூப்பிட்டால் போதும்.

தமிழும் மேக்ரோவும்

செல்லுக்குள் தமிழ் எழுதுவதில் இன்று எந்தத் தடையும் இல்லை. விஷுவல் பேசிக் எழுதும் சாளரம் மட்டும் யூனிகோடுக்கு முந்தைய காலத்திலேயே நின்றுவிட்டது. விண்டோஸின் பழைய எழுத்துக்குறிப் பக்கங்களில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. அதனால் அந்தச் சாளரத்தில் ‘அட்டை’ என்று ஷீட்டின் பெயரை ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். மேக்ரோ அந்தப் பெயரில் ஷீட் இல்லை என்று சொல்லும். ‘எம்எஸ்ஜிபாக்ஸ்’ வழியாகத் தமிழில் செய்தி சொல்ல முயன்றாலும் கேள்விக்குறிகளே.

ஆனால் மொழியின் உள்ளே சொற்கள் யூனிகோடாகவே நடமாடுகின்றன. தடை நிரலைத் தட்டும் இடத்திலும் செய்திப் பெட்டியிலும்தான். ஆகவே தமிழ் வாசகங்கள் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டின் செல்களில் எழுதி வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தால் எந்தக் குழப்பமும் இல்லை. மாணவரின் பெயரைச் செல்லிலிருந்து எடுத்து அடியுரையில் வைக்கலாம். ஷீட்டைத் தமிழ்ப் பெயரால் அழைக்காமல் அதன் வரிசை எண்ணாலோ நிரல்பெயராலோ அழைக்கலாம். தவிர்க்கவே முடியாத இடத்தில் ‘சிஎச்ஆர்டபிள்யூ’ என்ற செயற்கூறு இருக்கிறது. 2965 என்று கொடுத்தால் அது ‘க’ என்ற எழுத்தைத் தரும். ஒரு சொல்லுக்கு இது போதும், ஒரு வாக்கியத்துக்கு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் செல்லுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அச்சிடும் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 42 அட்டையும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அத்தகைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மேக்ரோ எழுத உட்கார வேண்டும்.

காவலும் பூட்டும்

கையால் அச்சிடுபவரையும் மேக்ரோ கண்காணிக்க முடியும். கோப்பில் யார் எந்த வழியில் அச்சுக் கொடுத்தாலும், அச்சு தொடங்குமுன் ‘பிஃபோர்பிரின்ட்’ என்ற நிகழ்வு எழும். அங்கே எழுதிய நிரல், கட்டாயம் நிரப்ப வேண்டிய செல் காலியாக இருந்தால் அச்சையே ரத்து செய்யலாம். அடியுரையில் அன்றைய தேதியை இடலாம். அந்த நிகழ்வுக்குள்ளேயே ‘பிரின்ட்அவுட்’ எழுதினால் அதுவும் ஓர் அச்சுதான். மறுபடி அதே நிகழ்வு எழும், அது மறுபடி அச்சிடும். ‘எனேபிள்ஈவண்ட்ஸ்’ பண்பை அணைத்துவிட்டு அச்சிட்டு, பிறகு மறக்காமல் திறந்துவிட வேண்டும்.

எக்செல் 2007 முதல் மேக்ரோ உள்ள கோப்புக்குத் தனிப் பின்னொட்டு உண்டு: எக்ஸ்எல்எஸ்எம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் எழுதிய மேக்ரோ எல்லாம் போய்விடும். மேக்ரோக்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு வரலாறு இருக்கிறது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, ஒரு வேர்டு மேக்ரோதான்; திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலுள்ள முதல் 50 பேருக்குத் தன்னை அஞ்சல் செய்துகொண்டது. 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்து வைக்கிறது. அலுவலக நண்பர் மின்னஞ்சலில் அனுப்பிய அச்சு மேக்ரோ ஓடாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அனுப்பியவர் தெரிந்தவர்தான் என்பது உறுதியானால், கோப்பின் ‘பிராப்பர்டீஸ்’ பெட்டியில் ‘அன்பிளாக்’ என்பதைக் குறியிட்டால் தடை நீங்கும்.

எக்செலுக்கு வெளியே

லிப்ரேஆஃபீஸ் கால்க் மென்பொருளிலும் பேசிக் மொழி இருக்கிறது. எக்செலின் மேக்ரோக்களில் ஒரு பகுதியை அது அப்படியே ஓட்டவும் செய்யும். கால்க் ஆவணத்தின் ‘பிரின்ட்’ கட்டளை அச்சைத் தொடங்கி வைத்துவிட்டு, முடியும்வரை நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அச்சு நடக்கும்போதே மேக்ரோ அடுத்த எண்ணை எழுதவோ கோப்பை மூடவோ கூடும். அதைத் தவிர்க்க ‘வெயிட்’ என்ற தெரிவை ‘ட்ரூ’ என்று கொடுக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் நிலைமை வேறு. அங்கே மேக்ரோ என்பது ஆப்ஸ் ஸ்கிரிப்ட். அது ஓடுவது கூகுளின் கணினியில். அலுவலக மேசையில் எந்தப் பிரிண்டர் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இணையம் வழியே பிரிண்டரை எட்ட உதவிய கூகுள் கிளவுட் பிரிண்ட் சேவையும் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. 42 அட்டைகளையும் பிடிஎஃப் ஆக்கி ஒரு கோப்புறையில் வைப்பது வரை ஸ்கிரிப்ட் செய்யும். அதற்குப் பிறகு பிரிண்ட் பொத்தானை ஓர் ஆள்தான் அழுத்த வேண்டும்.